“இது ரத்தத்துல வந்ததா, வளர்ப்புல வந்ததா?” பதின்ம வயதுப் பிள்ளைகளின் அவசரமும் ஆத்திரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளில் பெற்றோர் கூட்டத்துக்குப் பேசப் போனால், மைக்கைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லும்போது யாரும் வாய் திறப்பதில்லை. எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். நான் பள்ளி ஆலோசகர், மருத்துவர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு என்ன என்று இதைப் படித்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

1. இந்த வயசுப் பசங்க எல்லாருமே துடுக்குதானே? இதுல எங்க இருந்து பிரச்சினைன்னு எடுத்துக்கிறது?

கதவை அறைந்து சாத்துவது, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முறைப்பது, நண்பன் கூப்பிட்டான் என்று சொல்லாமல் கிளம்பிவிடுவது, இதெல்லாம் வயசுக்கோளாறு, விட்டுவிடலாம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. செய்த பிறகு உண்மையாகவே வருத்தப்படுகிறான், அழக்கூடச் செய்கிறான், ஆனால் அடுத்த வாரம் அதையே செய்கிறான், வீட்டில் மட்டுமில்லாமல் வகுப்பிலும் டியூஷனிலும் விளையாடுகிற இடத்திலும் அதே புகார் வருகிறது, மாதக்கணக்கில் நீள்கிறது, யாருக்காவது அடிபடுகிறது, பணம் காணாமல் போகிறது. இப்படி இருந்தால் தனியாகப் பார்க்க வேண்டும்.

மருத்துவர்கள் இதற்கு ஒரே பெயர் வைப்பதில்லை. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏடிஎச்டி ஒன்று. எதற்கெடுத்தாலும் பெரியவர்களை எதிர்த்து நிற்பது ஒன்று. திருட்டு, அடிதடி, பொருளை உடைப்பது என்று போகும் நடத்தைக் கோளாறு ஒன்று. சின்ன விஷயத்துக்குப் பெரிய ஆவேசம் வந்து சற்று நேரத்தில் அடங்குவது இன்னொன்று. ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று சேர்ந்தும் வரும். கீழே நான் ‘கட்டுப்பாடு’ என்று சொல்வது இவை எல்லாவற்றிலும் குறைபடுகிற ஒன்றை: மனதில் தோன்றியதைச் செய்வதற்கு முன் ஒரு நொடி நிற்க முடிவது.

2. எங்க வீட்டுக்காரரும் சின்ன வயசுல இப்படித்தானாம், மாமியார் பெருமையா சொல்றாங்க. அப்போ இது ரத்தத்துல வர்றதுதானே?

பெருமளவுக்கு ஆமாம். இதை அளக்க உதவுகிறவர்கள் இரட்டையர்கள். ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு கிட்டத்தட்ட முழுக்க ஒன்று. இரண்டு தனிக் கருக்களாக உருவானவர்களுக்குச் சாதாரண அண்ணன் தம்பிபோலச் சராசரியாகப் பாதிதான் பொது. இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்கிறார்கள். முதல் வகையினர் கட்டுப்பாட்டில் ஒருவரையொருவர் எவ்வளவு கூடுதலாக ஒத்திருக்கிறார்கள் என்பதை வைத்து மரபணுவின் பங்கைக் கணக்கிடுகிறார்கள். இப்படிச் செய்த 31 ஆய்வுகளை, 30,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்களை, 2019இல் சேர்த்துப் பார்த்தபோது வந்த விடை சுமார் 60 சதவீதம். ஏடிஎச்டிக்கு இன்னும் அதிகம், 70 முதல் 80 வரை.

ஆனால் அப்பாவின் முன்கோபம் பொட்டலமாகப் பிள்ளைக்கு வந்து சேர்வதில்லை. இருவரிடமிருந்தும் பாதிப் பாதி வருகிறது, அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு பாதி. எனவே மாமியார் சொல்வது இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. (இந்தக் கேள்வியை அப்பாக்கள் கேட்டால் “அவ தம்பி மாதிரியே” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.)

3. 60 ஜீன்னா, மீதி 40 எங்க வளர்ப்புன்னு வெச்சுக்கலாமா?

வேண்டாம். அந்த 60 உங்கள் மகனைப் பற்றிய எண்ணே இல்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் கட்டுப்பாடு கூடிக் குறைகிறதே, அந்த வித்தியாசத்தில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தோடு சேர்ந்து போகிறது என்பதுதான் அது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வீடும் பள்ளியும் சாப்பாடும் கிடைக்கிற ஊரில் அந்த எண் ஏறும், ஏனென்றால் வித்தியாசப்பட மரபணு மட்டும்தான் மிச்சம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மேற்கு நாட்டுக் குடும்பங்களில் நடந்தவை என்பதையும் மறக்க வேண்டாம்.

அதைவிட முக்கியமான சங்கதி: மரபணு என்று எழுதப்படும் 60-க்குள்ளேயே சூழலும் உட்கார்ந்திருக்கிறது. பிறவியிலேயே பரபரப்பான பிள்ளை அதிகத் திட்டு வாங்குகிறான், அமைதியான பிள்ளைகள் அவனோடு சேர்வதில்லை, ஆசிரியர் கடைசி பெஞ்சில் போடுகிறார். இந்தத் திட்டும் ஒதுக்கலும் அவனுடைய சுபாவத்தால் வந்தவை, பிறகு அவையே அவனை இன்னும் கெடுக்கின்றன. கணக்கில் இதெல்லாம் மரபணுப் பக்கம்தான் விழும், ஆனால் நடப்பது வகுப்பறையில்.

4. கோபத்துக்குன்னே ஒரு ஜீன் கண்டுபிடிச்சுட்டாங்கன்னு யூடியூப்ல பார்த்தேனே?

எம்ஏஓஏ என்ற மரபணுவைப் பற்றித்தான் பார்த்திருப்பீர்கள். 1993இல் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார்கள். அந்தக் குடும்பத்து ஆண்கள் பலருக்கு லேசான அறிவுத்திறன் குறைபாடு, திடீர் வெறி, தீ வைப்பது போன்ற செயல்கள். அவர்களுக்கு இந்த மரபணு வேலையே செய்யவில்லை. அது மிக மிக அபூர்வம். ஊடகங்கள் ‘போர்வீரன் ஜீன்’ என்று பேசுவது வேறு, ஏராளமானவர்களிடம் சாதாரணமாக இருக்கிற, கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும் வகை.

அந்த வகையைப் பற்றி 2002இல் வந்த ஆய்வுதான் புகழ்பெற்றது. நியூசிலாந்தின் டனெடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். அதில் ஆண்களை எடுத்துப் பார்த்தபோது, அந்த வகை இருந்தும் நன்றாக நடத்தப்பட்டு வளர்ந்தவர்களிடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அந்த வகையும் இருந்து சிறுவயதில் கொடுமையும் அனுபவித்தவர்கள்தான் வன்முறையில் முன்னே நின்றார்கள். பின்னாளில் இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அதே முடிவு வந்தது, சிலருக்கு வரவில்லை. ஒற்றை மரபணுவைத் தேடுகிற முறை மீதே இப்போது நம்பிக்கை குறைந்துவிட்டது. ஏடிஎச்டி உள்ள 38,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தொகுப்பைப் பார்த்த 2023 ஆய்வு 27 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்க்கின்றன, அவ்வளவுதான்.

5. எட்டாவது வரைக்கும் தங்கமா இருந்தான் சார். ஒன்பதாவது வந்ததும் யாரோ மாதிரி ஆயிட்டான். பிறவிக் குணம்னா இப்போ ஏன் வரணும்?

மூளையில் எல்லாம் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. புதுசு, பரபரப்பு, பாராட்டு இவற்றுக்குத் துள்ளுகிற பகுதி பருவமடையும் காலத்தில் சூடுபிடித்துவிடுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற, ‘இரு, யோசி’ என்று சொல்கிற பகுதி இருபதுகளின் நடுவரை நிதானமாக முதிர்கிறது. இந்தியா உட்பட 11 நாடுகளில் 10 முதல் 30 வயதுவரை உள்ள 5,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த ஆய்வு 2018இல் வெளியானது. கிளர்ச்சி தேடும் குணம் 19 வயதை ஒட்டி உச்சத்துக்குப் போனது, சுயக்கட்டுப்பாடு இருபதுகளின் நடுவில்தான் சமநிலைக்கு வந்தது. நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறினாலும் பொதுப்போக்கு இதுதான்.

சின்ன வயதிலிருந்தே அடிதடியாக இருந்து தொடர்கிறவர்கள் வேறு, பதின்ம வயதில் மட்டும் தடம்மாறி மீள்கிறவர்கள் வேறு என்று உளவியலாளர் டெரி மொஃபிட் 1993லேயே பிரித்துக் காட்டினார். இரண்டாம் வகைதான் அதிகம். இருந்தாலும் பிள்ளை திடுதிப்பென்று மாறினால் வயசு என்று தள்ளிவிடாமல், தூக்கம் எப்படி, யாராவது மிரட்டுகிறார்களா, கூல் லிப் (உதட்டுக்குள் அடக்கிவைக்கும் புகையிலை) மாதிரி ஏதாவது பழக்கம் ஒட்டிக்கொண்டதா, மனச்சோர்வா என்று பாருங்கள். பையன்களின் மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே தெரியும்.

6. எல்லாம் சேர்க்கை சார். எங்க பையன் நல்லவன்தான், அந்தப் பசங்கதான்...

அந்தப் பசங்களின் பெற்றோரும் என்னிடம் இதையேதான் சொல்கிறார்கள்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2005இல் அமெரிக்காவில் கணினியில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டை வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரியும்போது நிறுத்துவதா, முந்திப் போவதா என்பதுதான் ஆட்டம். தனியாக ஆடும்போது பதின்ம வயதினரும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடினார்கள். பக்கத்தில் நண்பர்கள் நின்று பார்த்தபோது 13-16 வயதுப் பிள்ளைகள் துணிந்து இறங்கியது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் மாற்றமே இல்லை. ஒரே பைக்கில் மூன்று பேர் போவதைப் பார்த்தால் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும். தனியாகப் போகும் அதே பையன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒழுங்காகத்தான் போவான்.

ஆனால் சேர்க்கை வானத்திலிருந்து விழுவதில்லை. பரபரப்பு தேடுகிறவன் பரபரப்பு தேடுகிறவர்களைத்தான் போய்ச் சேர்கிறான். மூன்றாவது பதிலில் சொன்ன கலப்பு இங்கேயும் இருக்கிறது. நண்பர்களை மொத்தமாக வெட்டிவிடச் சொல்வதைவிட, எங்கே, எத்தனை மணிவரை, பெரியவர் யாராவது அருகில் உண்டா என்று பார்ப்பது நடக்கிற காரியம்.

7. ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் வளர்த்தோம். பெரியவ அவ்ளோ அமைதி, இவன் மட்டும் ஏன்?

இரண்டாவது பதிலில் சொன்ன வேறு வேறு பாதி ஒரு காரணம். இன்னொன்று, நீங்கள் ஒரே மாதிரி வளர்க்கவில்லை, யாராலும் முடியாது. பெரியவளிடம் ஒரு தடவை சொன்னால் போதும். அதனால் அவளிடம் நீங்கள் பொறுமையான அப்பா. இவனிடம் ஐந்தாவது தடவை சொல்லும்போது கத்துகிற அப்பா. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் கிடைத்த அப்பா வேறு.

8. நாலு சாத்து சாத்தினா சரியாயிடும்னு எங்க அப்பா சொல்றார். நாங்க அப்படித்தானே வளர்ந்தோம்?

அடி விழுந்த நிமிடத்தில் பிள்ளை அடங்குகிறான், அதனால் அடி வேலை செய்கிற மாதிரி தெரிகிறது. பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். அம்மா போனை வைக்கச் சொல்கிறார். “ஒரு நிமிஷம்.” பத்து நிமிடம் கழித்து மறுபடி. “வைக்கிறேன்ல!” அம்மாவின் குரல் ஏறுகிறது, பிடுங்கப் போகிறார், அவன் கையைத் தட்டிவிடுகிறான், சார்ஜர் பறக்கிறது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று அம்மா விட்டுவிடுகிறார். கத்தினால் விட்டுவிடுவார்கள் என்று அவன் கற்றான். மறுநாள் அப்பா இருக்கும்போது அறை விழுகிறது, உடனே போன் கீழே வருகிறது. அறைந்தால்தான் கேட்பான் என்று அப்பா கற்றார். இருவரும் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக உச்சத்துக்குப் போகிறார்கள்.

அடங்காத பிள்ளை என்பதால்தான் அடி விழுகிறது, அடியால் அடங்காமல் போகவில்லை என்று வாதாடலாம். அதற்காகவே ஒரே கரு இரட்டையர்களை மட்டும் எடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. மரபணு ஒன்றேதான், ஆனாலும் இருவரில் யாரிடம் பெற்றோர் அதிகக் கடுமை காட்டினார்களோ அவரிடம் ஆவேசம் கூடுதலாக இருந்தது. தாத்தாவிடம் சண்டை போட வேண்டாம். பிடிவாதமாக இல்லாத நேரத்தில் விதியைப் பேசி வைத்துவிட்டு, மீறினால் என்ன என்பதையும் முன்கூட்டியே சொல்லி, அந்த நேரம் வந்தால் கத்தாமல் அதைச் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் நிலைமை மோசமாகும், பயப்பட வேண்டாம்.

9. கர்ப்பமா இருக்கும்போது நான் நிறைய அழுதேன், அதனாலதான்னு சொல்றாங்க. உண்மையா?

இப்படிச் சொல்லிச் சொல்லியே அம்மாக்களை நோகடிக்கிறார்கள். குறைமாதப் பிரசவம், மிகக் குறைந்த பிறப்பெடை, கர்ப்பத்தில் மது, ஈய நச்சு இவற்றுக்கும் பிள்ளையின் கட்டுப்பாட்டுக்கும் தொடர்பு உண்டு. புகைக்கும் தாய்மார்களின் பிள்ளைகளிடம் ஏடிஎச்டி அதிகம் என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். ஸ்வீடனில் ஒரே தாயின் பிள்ளைகளை, புகைத்த கர்ப்பம் புகைக்காத கர்ப்பம் என்று ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோனது. அதாவது புகைப்பது ஒரு காரணமாகத் தெரிந்ததே, தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவான சுபாவத்தால். (புகைத்தால் குழந்தைக்கு வேறு கெடுதல்கள் நிறைய இருக்கின்றன.) நீங்கள் அழுத அழுகையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எந்த ஆதாரமும் போதாது.

10. மிட்டாயை வெச்சு டெஸ்ட் பண்ணி எதிர்காலத்தையே சொல்லிடறாங்களாமே?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் நடத்திய மார்ஷ்மெல்லோ சோதனை. இப்போதே ஒன்று சாப்பிடலாம், காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்றார்கள். 2018இல் இன்னும் பெரிய, பலதரப்பட்ட குழந்தைகள் கூட்டத்தில் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு மிகவும் சுருங்கிவிட்டது.

எனக்குப் பிடித்தது 2013இல் நடந்த இன்னொன்று. குழந்தைகள் 28 பேர்தான். பாதிப் பேருக்கு முதலில் ‘நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள், மீதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். பிறகு மிட்டாய்ச் சோதனை. ஏமாந்த குழந்தைகள் சராசரியாக 3 நிமிடம் காத்திருந்தார்கள், மற்றவர்கள் 12 நிமிடம். பரீட்சை முடியட்டும் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, முடிந்ததும் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்கிறோமே, அந்தப் பிள்ளை காத்திருக்கக் கற்றுக்கொள்வானா?

11. போனாலதான் எல்லாமேன்னு நான் சொல்றேன். சரிதானே?

கொஞ்சம். லாஸ் ஏஞ்சலிஸில் பத்தாம் வகுப்பு வயதுப் பிள்ளைகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்த 2018 ஆய்வில், அதிகம் டிஜிட்டலில் மூழ்கியவர்களுக்குப் பின்னால் ஏடிஎச்டி அறிகுறிகள் சற்றுக் கூடின. தொடர்பு உண்டு, பெரியதில்லை. நிற்க முடியாத பிள்ளைதான் போனிலும் நிற்காமல் போகிறான் என்பதும் உண்மை. நான் முதலில் கேட்பது எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று. இரவு ஒன்றரைக்குப் படுத்து ஆறு மணி பள்ளி வேனுக்கு எழுகிற பிள்ளையின் கோபத்துக்கு மரபணுவைத் தேட வேண்டியதில்லை.

12. எங்களுக்கு வசதி இல்ல, ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். அதனாலயும் இருக்குமா?

இருக்கும், இதற்கு அரிதான ஓர் இயற்கைச் சோதனையே உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1993 முதல் 1,420 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துவந்தார்கள், அவர்களில் கால்வாசிப் பேர் செரோக்கி பழங்குடியினர். நடுவில் அந்தப் பழங்குடி ஒரு காசினோ தொடங்கி, லாபத்தைத் தன் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. வறுமையிலிருந்து வெளியே வந்த வீட்டுப் பிள்ளைகளிடம் எதிர்ப்பும் அடாவடியும் குறைந்து, ஏழ்மையே அறியாத பிள்ளைகளின் அளவுக்கு வந்தது. மரபணு அப்படியேதான் இருந்தது. கவலை, சோர்வு போன்றவற்றில் மாற்றம் இல்லை. பிள்ளைகளைக் கவனிக்கப் பெற்றோருக்கு நேரம் கிடைத்தது பெரிய காரணம் என்று 2003இல் எழுதினார்கள். ஆகவே சம்பளம் ஏறாவிட்டாலும் நான்கு மணியிலிருந்து ஏழு மணிவரை வீட்டில் பாட்டியோ சித்தியோ ஒரு பெரியவர் இருக்க முடியுமா என்று பாருங்கள்.

13. தத்து எடுத்த பிள்ளை. மூணு வயசுல எங்ககிட்ட வந்தா. இனிமே மாத்த முடியுமா?

ருமேனியாவின் படுமோசமான அநாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப் போன 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் பெரியவர்கள் ஆகும்வரை பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் வந்தவர்கள் மற்ற குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் அங்கே இருந்தவர்களில் பலருக்குக் கவனமின்மையும் மிகைத்துடிப்பும் நீடித்தன. ஆனால் அவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. அந்த இல்லங்களில் பல குழந்தைகளைத் தூக்கக்கூட ஆள் இல்லை. உங்கள் மகள் இருந்த இடம் அப்படி இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், “உன்னைப் பெத்தவங்க புத்தி” என்ற வார்த்தையை மட்டும் வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

14. ஜீன் டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பார்த்துடலாமா? ஆன்லைன்ல விக்கறாங்க.

காசு வேஸ்ட். நாலாவது பதிலில் சொன்னபடி பங்கு கடுகளவு என்பதால் ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வளர்ச்சித் தாமதம், வலிப்பு, முக அமைப்பில் வேறுபாடு இருந்து மருத்துவரே எழுதிக்கொடுத்தால் அது வேறு விஷயம்.

15. ஜீன்னா மாத்திரை, வளர்ப்புன்னா கவுன்சிலிங், அப்படித்தானே?

கிட்டப்பார்வை பெரும்பாலும் பரம்பரைதான், ஆனால் ஒரு கண்ணாடி போதும். காரணம் எதுவோ அதே வழியில்தான் மருந்தும் என்று சட்டம் இல்லை. மரபணுப் பங்கு அதிகமுள்ள ஏடிஎச்டியிலும் பெற்றோர் பயிற்சியும் வகுப்பறை மாற்றங்களும் உதவுகின்றன. குழந்தைப் பருவக் கஷ்டத்தால் வந்த பரபரப்பிலும் சில நேரம் மாத்திரை தேவைப்படும். ஏடிஎச்டி மாத்திரை பிள்ளையை அடிமையாக்கிவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்தால் அந்தப் பயம் தேவையில்லை. பசியும் தூக்கமும் குறையலாம், அதைப் பார்த்து அளவை மாற்றுவார்கள்.

16. அப்போ அவன் செஞ்ச தப்புக்கு அவன் பொறுப்பில்லையா?

2009இல் இத்தாலியின் திரியெஸ்தே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், நாலாவது பதிலில் வந்த அதே மரபணுவைக் காரணம் காட்டி ஒரு கொலையாளியின் தண்டனையில் ஓராண்டு குறைத்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அதே மரபணு வகையோடு யாரையும் தொடாமல் வாழ்கிறவர்கள் ஏராளம். வயது என்பது வேறு வாதம், வலுவானதும்கூட. நம் நாட்டு 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில், கொடுங்குற்றம் செய்த 16-18 வயதுப் பிள்ளையின் மனநிலையையும் விளைவைப் புரிந்துகொள்ளும் திறனையும் முதலில் மதிப்பிட்ட பிறகே பெரியவர்களுக்கான விசாரணையா என்று முடிவெடுக்கிறார்கள்.

வீட்டில் நான் சொல்வது எளிது. உடைத்ததற்கு அவன்தான் பொறுப்பு, பாக்கெட் மணியிலிருந்து கழியுங்கள். ‘நீ பிறவியிலேயே இப்படி’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

17. கோபம் வந்தா செத்துடுவேன்னு சொல்றான். சும்மா மிரட்டறான்னு விட்டுடலாமா?

விடாதீர்கள். கட்டுப்பாடு குறைந்த பிள்ளைக்கு எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே சில நிமிடங்களே இருக்கலாம், அந்த நிமிடங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள்; 1990களின் நடுவில் இருந்த தற்கொலை விகிதம் பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த நாட்டு மக்களின் சுபாவம் மாறிவிடவில்லை. நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுப் பெட்டகத்தில் பூட்டிவைத்துச் சாவியைக் கொடுக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் பூச்சிமருந்து, எலி மருந்து, தாத்தாவின் மாத்திரைப் பெட்டி எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். அப்புறம் அவனிடம் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது.

18. சரி, எங்க போகணும், என்ன எடுத்துட்டுப் போகணும்?

மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குப் போகலாம், ‘அந்த ஆஸ்பத்திரியா’ என்ற பேச்சைக் காதில் வாங்க வேண்டாம். போவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, எந்நேரமும், தமிழிலும் பேசுவார்கள். பதினேழாவது கேள்வியில் இருப்பது உங்கள் வீட்டு நிலைமை என்றால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போங்கள்.

யூகேஜி முதல் இருக்கிற ரேங்க் கார்டுகளை எடுத்துப்போங்கள். மதிப்பெண்ணுக்காக இல்லை, கீழே ஆசிரியர் கையால் எழுதின வரிக்காக. “வகுப்பில் இடத்தில் உட்காருவதில்லை” என்று இரண்டாம் வகுப்பிலேயே எழுதியிருந்தால் மருத்துவருக்கு அது பெரிய தடயம், ஏனென்றால் ஏடிஎச்டி என்று சொல்ல 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்திருக்க வேண்டும். இரு பக்கக் குடும்பத்திலும் யாருக்கு என்ன இருந்தது என்று அவர் கேட்பார். அப்போது யார் வீட்டு ரத்தம் என்ற சண்டையை டாக்டர் ரூமில் ஆரம்பிக்காமல், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். பையனையும் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விடுங்கள்.